கீச்சிடும் பின்சக்கர டிஸ்க் பிரேக்: வீட்டிலேயே காரணம் தேடுவது எப்படி?

ஐப்பசி மழையில் இரண்டு வாரம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பினேன். வீட்டு வாசலிலிருந்து காரைப் பின்னோக்கி எடுத்தபோது, இரும்புக் கதவைத் தரையோடு இழுத்தது போல இடது பின்சக்கரத்திலிருந்து ஒரு சத்தம். எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. சன்னல் கம்பி முதல் சைக்கிள் சங்கிலி வரை இங்கே எதுவும் துருவுக்குத் தப்பாது. நான்கைந்து முறை பிரேக் அழுத்தியதும் அந்தப் பெரிய சத்தம் நின்றுவிட்டது. ஆனால் மெல்லிய கீச்சு ஒன்று மட்டும் போகவே இல்லை.

உடனே கடைக்குப் போய்ப் புதிய பேடுகள் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டை இருபுறமும் நெருக்கி நிறுத்தும் உராய்வுக் கட்டைகள்) வாங்கிவந்து மாட்டினேன். மூன்றே நாளில் கீச்சு திரும்பி வந்தது. கழற்றிப் போட்ட பழைய பேடுகளை எடுத்துப் பார்த்தால் அவற்றில் பாதிக்கு மேல் கனம் மீதியிருந்தது. உண்மையான குற்றவாளி, துருப்பிடித்து இறுகிப்போன ஒரு விரல் நீளக் கம்பி. அதைச் சுத்தம் செய்ய ஒரு சிறு பொட்டலம் கிரீஸ் போதுமானதாக இருந்தது.

ஆகவே, பேடு வாங்குவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. முன்சக்கர பிரேக்கிற்கும் பின்சக்கர பிரேக்கிற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பிரேக் அழுத்தும்போது காரின் எடை முன்னே சாய்கிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன்சக்கரங்களே செய்கின்றன. முன்பிரேக் உழைத்துத் தேய்கிறது. பின்பிரேக் பெரும்பாலும் சும்மா கிடந்தே கெடுகிறது. டிஸ்கின் துருவைச் சுரண்டி எடுக்கும் அளவுக்குப் பேடு அழுந்துவதில்லை, ஈரம் காயும் அளவுக்குச் சூடும் ஏறுவதில்லை. மின்சாரக் கார்களில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் இது இன்னும் மோசம். ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் ஐடி.3, ஐடி.4 மின்சாரக் கார்களின் பின்சக்கரங்களுக்குப் பழைய டிரம் பிரேக்கையே கொடுத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். மூடிய டிரம்முக்குள் துரு அவ்வளவு எளிதில் நுழையாது.

உங்கள் காரில் பின்சக்கரத்தில் இருப்பது டிஸ்க்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நம் ஊரில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் பின்னால் டிரம்தான். சக்கரத்தின் இடைவெளி வழியே பார்த்தால் பளபளப்பான தட்டும், அதைக் கவ்விய காலிபரும் (பேடுகளைத் தாங்கி அழுத்தும் இரும்புக் கவ்வி) தெரிந்தால் அது டிஸ்க். மூடிய பானை போன்ற ஒன்று தெரிந்தால் டிரம். இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

காரைத் தொடுவதற்கு முன் காதைத் தீட்டுங்கள்

பாதி நோய் கேட்கும்போதே தெரிந்துவிடும். நண்பர் ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் பின் இருக்கையில் அமர்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேளுங்கள். மதில் சுவரை ஒட்டி மெதுவாகப் போனால் சத்தம் சுவரில் பட்டுத் தெளிவாகத் திரும்பி வரும்.

காலையில் முதல் சில பிரேக்குகளுக்கு மட்டும் கரகரத்துவிட்டுப் பிறகு அடங்கினால், அது இரவு ஈரத்தில் டிஸ்கின் மேல் படிந்த மெல்லிய துரு. நோயே இல்லை, விட்டுவிடுங்கள்.

பிரேக் அழுத்தும்போது மட்டும் உச்சக் குரலில் கீச்சென்றால், பேடும் டிஸ்கும் உராயும்போது அதிர்கின்றன என்று பொருள். வயலின் கம்பியின் மேல் வில் ஒட்டியும் வழுக்கியும் நாதம் எழுப்புவதும் இதுவும் ஒரே சங்கதிதான். பேடு சரியாக அமராததும், அதன் முகம் கண்ணாடி போல மழுங்கிப்போனதும், முதுகில் இருக்கும் அதிர்வுத் தகடு கழன்றதும் வழக்கமான காரணங்கள்.

பிரேக் அழுத்தாமல் ஓடும்போதே கீச்சு கேட்டு, அழுத்தினால் நிற்கிறது என்றால் இரண்டு வாய்ப்புகள். பேடு தேய்ந்து, அதில் இருக்கும் எச்சரிக்கைத் தகடு டிஸ்கைத் தொடுகிறது. அல்லது பேடு விலகாமல் லேசாக உரசிக்கொண்டே இருக்கிறது.

சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்கு ஒருமுறை 'சர்... சர்...' என்று வந்தால், டிஸ்கின் ஓரத்துத் துரு விளிம்போ வளைந்த தகரத் தடுப்போ காரணமாக இருக்கலாம். விடாமல் தகரம் கிழிவது போலக் கேட்டால், டிஸ்குக்கும் தடுப்புக்கும் நடுவே கல் சிக்கியிருக்கும் என்று முதலில் சந்தேகப்படுங்கள். ஜல்லி கொட்டிய சாலையில் போய்வந்த மறுநிமிடம் இது நேரும். கேட்பவருக்கு உயிர் போகும். எடுக்க ஒரு நிமிடம் போதும்.

இரும்பும் இரும்பும் அரைபடும் கரடுமுரடான சத்தம், பெடலை அழுத்த அழுத்தக் கூடினால், பேடு முற்றிலும் தேய்ந்து அதன் இரும்பு முதுகு டிஸ்கில் உரசுகிறது. அந்தக் காரை அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

வேகத்தோடு கூடிக் குறையும் ரீங்காரம், பிரேக்கோடு சம்பந்தமே இல்லாமல், வளைவில் திரும்பும்போது மாறுகிறதா? அது பெரும்பாலும் சக்கர பேரிங். பிரேக்கைக் கழற்றிப் பயனில்லை.

இன்னொரு சோதனை: பத்து நிமிடம், பிரேக்கை அதிகம் அழுத்தாமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, இரண்டு பின்சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் தணல் போல அடித்தால், அந்தப் பக்கம் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

தூக்குவது

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான கட்டம் இது ஒன்றுதான். ஆகவே நிதானமாகப் படியுங்கள். காருடன் வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி காருக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டக் கூடாது. இரும்பு ஸ்டாண்ட் ஒன்று கட்டாயம் வேண்டும். செங்கல்லை அடுக்கி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செங்கல் எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும்.

சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்ட நிலையில், சக்கர நட்டுகளை அரைச்சுற்று மட்டும் தளர்த்துங்கள். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். கியரை முதலாவதில் வையுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'யில். காரின் கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டை வைத்து, காரை மெல்ல அதன் மேல் இறக்குங்கள். ஒருமுறை காரைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். விடுவிக்காவிட்டால் பின்சக்கரம் சுற்றாது, காலிபரும் கழன்று வராது. பின்சக்கர இயக்கமோ நான்கு சக்கர இயக்கமோ உள்ள காரில் சக்கரத்தைச் சுற்றுவதற்கு நியூட்ரலுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அப்போது காரைப் பிடித்திருப்பது முட்டுக்கட்டை மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள்.

சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். டிஸ்க் பிரேக்கில் பேடு லேசாகத் தொட்டுக்கொண்டிருப்பது இயல்பு. மெல்லிய 'சர்' சத்தம் வரலாம். இரண்டு கையாலும் முக்கித் தள்ள வேண்டியிருந்தால் இயல்பில்லை.

பார்ப்பது

சக்கரத்தைக் கழற்றி, அதைக் காருக்கு அடியில் ஓரமாகப் படுக்க வையுங்கள். ஸ்டாண்ட் சரிந்தாலும் கார் அதன் மேல் நிற்கும். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பிரேக் தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றடிக்கும் குழாயாலும் ஊதாதீர்கள். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். இல்லாவிட்டாலும் அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனர் தெளித்தோ சோப்புத் தண்ணீரில் நனைத்தோ துடையுங்கள்.

இப்போது டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்பு முதுகைச் சேர்க்காமல், உராயும் பகுதி மட்டும் எவ்வளவு கனம் இருக்கிறது? 3 மி.மீ. அல்லது அதற்குக் கீழே போனால் மாற்றும் காலம் வந்துவிட்டது. பலர் வெளிப்பேடை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். உள்பேடையும் பாருங்கள், கண்ணுக்கு எட்டாவிட்டால் கைப்பேசியை உள்ளே நீட்டிப் படம் எடுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில்தான் கதை இருக்கிறது. வெளிப்பேடு கனமாகவும் உள்பேடு மெலிந்தும் இருந்தால், காலிபர் நகராமல் பிஸ்டன் (காலிபருக்குள் இருந்து பேடைத் தள்ளும் உருளை) பக்கத்துப் பேடு மட்டும் வேலை செய்கிறது, அல்லது பிஸ்டன் பின்வாங்க மறுக்கிறது. வெளிப்பேடு மட்டும் அதிகம் தேய்ந்தால், அழுத்திய காலிபர் திரும்ப விலகவில்லை. ஒரே பேடு ஒரு முனையில் கனமாகவும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு போலத் தேய்ந்திருந்தால், இரண்டு காலிபர் பின்களில் ஒன்று இறுகியிருக்கலாம்.

('பின்பக்கத்து பின்' என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. இனி வரும் இடங்களில் 'காலிபர் பின்' என்றால் காலிபர் முன்னும் பின்னும் நழுவுவதற்கான அந்தக் கம்பி என்றே கொள்ளுங்கள்.)

டிஸ்கின் முகத்தை நகத்தால் வருடுங்கள். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதிய பேடும் கீச்சிடும். டிஸ்கின் குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்ததை லேத்தில் கொடுத்துச் சீவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து.

டிஸ்குக்குப் பின்னால் இருக்கும் தகரத் தடுப்பு டிஸ்கைத் தொடுகிறதா என்று பார்த்து, தொட்டால் விரலாலேயே வளைத்துவிடுங்கள். கல் இருந்தால் இங்கேதான் கிடைக்கும். கிடைத்துவிட்டால் சக்கரத்தை மாட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போகலாம்.

காலிபரின் பின்னால் ஹேண்ட் பிரேக் கம்பி சேரும் சிறிய நெம்புகோல் இருந்தால் அதையும் கவனியுங்கள். வேறொருவர் உள்ளே ஹேண்ட் பிரேக்கை இழுத்து விடும்போது அது தன் இடத்துக்கு முழுதாகத் திரும்ப வேண்டும். பாதியில் நின்றால், கேபிள் உறைக்குள் நீர் புகுந்து துருப்பிடித்திருக்கிறது அல்லது காலிபருக்குள் பழுது இருக்கிறது. இரண்டுமே மெக்கானிக் பார்க்க வேண்டியவை.

கழற்றும் முன் ஒரு கேள்வி

உங்கள் கார் ஹேண்ட் பிரேக்கைப் பொத்தானால் போடுகிறீர்களா? அப்படியானால் பின் காலிபரில் சிறிய மோட்டார் இருக்கலாம். காரைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோகாமல் அந்த பிஸ்டனை உள்ளே தள்ளினால் மோட்டாரும் பல்சக்கரமும் உடையும். சில கார்களில் திரையிலேயே அதற்கு வழி இருக்கிறது, பலவற்றுக்கு ஸ்கேனர் கருவி வேண்டும். கையேட்டில் வழி தெரியாவிட்டால் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.

கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் உள்ள பல கார்களில் பின் பிஸ்டனை நேராக அழுத்தி உள்ளே தள்ள முடியாது. திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். முன்பிரேக் செய்து பழகியவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். 'சி' கிளாம்ப் போட்டு நெருக்கினால் உள்ளே இருக்கும் திருகு அமைப்பு பாழாகும். பிஸ்டன் முகத்தில் பள்ளங்களோ கூட்டல் குறி போன்ற வெட்டோ இருந்தால் அது திருகும் வகை. அதற்கென்று தனிக் கருவி கடைகளில் கிடைக்கிறது. பழைய பேடையே சுத்தம் செய்து மாட்டுவதென்றால் பெரும்பாலும் பிஸ்டனைத் தொடவே தேவையிருக்காது.

கழற்றிச் சுத்தம் செய்வது

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். எது எப்படி இருந்தது என்ற குழப்பம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். நான்கு கோணத்தில் படமும் எடுத்து வையுங்கள்.

காலிபர் பின்னில் இருக்கும் போல்ட்டுகள் இரண்டையும் கழற்ற வேண்டும். போல்ட் சுற்றும்போது உள்ளே இருக்கும் பின்னும் சேர்ந்து சுற்றினால், அதை மெல்லிய ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். காலிபர் வெளியே வந்ததும் அதை ரப்பர் குழாயில் தொங்கவிடாதீர்கள்; குழாய் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது. ஒரு துண்டுக் கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். இந்த நேரத்தில் பிரேக் பெடலை யாரும் அழுத்தக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் கார் கதவைப் பூட்டிவிடுங்கள்.

பேடுகளை உருவியதும், காலிபர் பின்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். நல்ல நிலையில் இருப்பது விரலால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். என் காரில் மேல் பின் அப்படி வந்தது; கீழ் பின்னைப் பிளையர் கொண்டு முறுக்கி முறுக்கித்தான் எடுத்தேன். ரப்பர் உறையில் ஒரு சிறு கிழிசல், அதன் வழியே நீர் இறங்கி, கிரீஸ் காய்ந்து தார் போல ஆகியிருந்தது. காலிபர் பாதி வழியிலேயே நின்றுவிட்டதால், ஒரு பேடு டிஸ்கைச் சாய்வாகத் தொட்டுக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. புதிய பேடு மாட்டியும் அதே சாய்வு, அதே கீச்சு.

பின்னைத் துணியாலும் பிரேக் கிளீனராலும் துடைத்து, லேசான துருவை மெல்லிய உப்புத்தாளால் நீக்குங்கள். குழி விழுந்திருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். ரப்பர் உறையோடு சேர்த்துத் தொகுப்பாகக் கிடைக்கும். பின் போகும் துளையையும் துடையுங்கள். பிறகு, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் கூடவே கூடாது. அதில் இருக்கும் எண்ணெய் ரப்பரை ஊதவைத்துச் சில மாதங்களில் பின்னை மறுபடி இறுக்கிவிடும். துளை நிறைய அப்பவும் கூடாது. அடியில் அடைபட்ட கிரீஸ் பின்னை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சில கார்களில் மேல் பின்னும் கீழ் பின்னும் வெவ்வேறு, ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும். இடம் மாற்றிவிடாதீர்கள்.

அடுத்து, பேடின் இரண்டு காதுகளும் உட்காரும் இடம். அங்கே மெல்லிய எஃகு கிளிப்புகள் இருக்கும். அவற்றைக் கழற்றினால் அடியில் துருச் செதில் படிந்திருப்பதைப் பார்க்கலாம். இந்தத் துரு கிளிப்பை மேலே தூக்கி, பேடை நெருக்கிப் பிடித்துவிடும். கடலோர ஊர்களில் பின்பிரேக் கீச்சிடுவதற்கு, காலிபர் பின்னுக்கு அடுத்தபடியாக இதைத்தான் குற்றம் சொல்வேன். கம்பி பிரஷ்ஷால் இரும்பு தெரியும் வரை தேய்த்து, கிளிப்பைத் திரும்பப் போடுங்கள். பேடு தன் இடத்தில் விரல் நுனியால் தள்ளினாலே நகர வேண்டும். சுத்தியலால் தட்டி உட்கார வைக்க வேண்டியிருந்தால் இன்னும் சுத்தம் போதவில்லை.

பேடின் முகம் கண்ணாடி போலப் பளபளத்தால், தரையில் உப்புத்தாளை விரித்து, நனைத்து, பேடை எட்டு வடிவத்தில் சில முறை தேயுங்கள். பளபளப்பு போனால் போதும். கூர்மையான விளிம்புகளை லேசாகச் சரித்துவிட்டால் கீச்சு இன்னும் குறையும். பிரேக் ஆயிலோ கிரீஸோ ஊறிய பேடை மட்டும் காப்பாற்ற முயலாதீர்கள். அடுப்பில் சுட்டு எண்ணெயை விரட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு, பேடைக் குப்பையில் போடுங்கள்.

மாட்டுவது

பேடின் முதுகில் அதிர்வுத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பேடில் இருந்து புதியதற்கு மாற்ற வேண்டியதைப் பலர் மறந்து குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பிஸ்டனும் காலிபர் விரல்களும் பேடின் முதுகைத் தொடும் இடங்களிலும் காதுகளிலும் மட்டும், சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு. டிஸ்கிலோ பேடின் முகத்திலோ ஒரு துளி பட்டாலும் பிரேக் கிளீனரால் கழுவுங்கள்.

திருகும் வகை பிஸ்டனில் ஒரு நுணுக்கம் உண்டு. சில கார்களில் உள்பேடின் முதுகில் ஒரு சிறு முளை இருக்கும்; அது பிஸ்டன் முகத்துப் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். பள்ளம் விலகியிருந்தால் பேடு சாய்ந்து நிற்கும். பிஸ்டனைச் சிறிது திருகிப் பொருத்துங்கள். பிஸ்டனை உள்ளே அனுப்பும்போது பானெட்டுக்குள் பிரேக் ஆயில் மட்டம் ஏறும். வழிந்தால் பெயின்டை அரித்துவிடும், ஒரு கண் வைத்திருங்கள்.

போல்ட்டுகளை எவ்வளவு முறுக்குவது என்பது கையேட்டில் இருக்கும். டார்க் ஸ்பேனர் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். பிரேக் போல்ட்டைக் கைக்கணக்கில் முறுக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இடது பக்கம் முடித்துவிட்டு, சத்தம் வராவிட்டாலும் வலது பக்கத்தையும் செய்துவிடுங்கள். ஒரே மழையில்தான் இரண்டும் நனைந்தன.

சக்கரங்களை மாட்டிக் காரை இறக்கியதும், எஞ்சினை இயக்கி, காரை நகர்த்தாமல், பெடலைப் பலமுறை அழுத்துங்கள். முதல் அழுத்தத்தில் பெடல் தரை வரை போகலாம். கெட்டியாகும் வரை அழுத்திக்கொண்டே இருங்கள். இதை மறந்து காரை எடுத்து வாசல் கேட்டில் மோதியவர்கள் உண்டு. பிறகு ஹேண்ட் பிரேக்கைச் சில முறை இழுத்து விடுங்கள். பெடல் கெட்டியாகாமல் பஞ்சு போலவே இருந்தாலோ, சக்கரத்தின் உள்புறம் ஈரம் தெரிந்தாலோ, கார் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், மெக்கானிக் வரட்டும்.

புதிய பேடு போட்டிருந்தால், காலி சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை மிதமாக பிரேக் பிடியுங்கள். இடையில் சிறிது ஓட்டி ஆறவிடுங்கள். பேடின் பொருள் டிஸ்கில் சீராகப் படிந்தால்தான் அது அமைதியாக வேலை செய்யும். முதல் நூறு கிலோமீட்டரில் லேசான முனகல் வந்தால் பயப்பட வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் கீச்சு போகாவிட்டால், மலிவான பேடின் கலவையே கடினமாக இருக்கலாம். காரின் நிறுவனம் தரும் பேடை ஒருமுறை போட்டுப் பாருங்கள். இனி கார் நாள்கணக்கில் நிற்கப் போகிறதென்றால், கழுவிய ஈரத்தோடு நிறுத்தாதீர்கள். ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கைச் சிலமுறை அழுத்திக் காயவைத்து நிறுத்துங்கள். முடிந்தால் சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரிலும் முட்டுக்கட்டையிலும் நிறுத்துங்கள். பேடு டிஸ்கோடு துருவால் ஒட்டிக்கொள்ளாது.

கடைசியாக, 50 கிலோமீட்டர் ஓடியதும் ஓரமாக நிறுத்தி, கழற்றி மாட்டிய சக்கரங்களின் நட்டுகளை இன்னொரு முறை முறுக்கிப் பார்த்துவிடுங்கள்.